பதில் ஆள்

கேள்வித்தாளில் இருபத்து மூன்று கேள்விகள்.
ஒன்பதாவதுதான் எனக்குப் பிடித்தது:
உங்களால் வர முடியாத நாளில்
உங்களுக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பலாமா?

அனுப்பலாம் என்று எழுதியிருந்தாள் நெரிஸ் ப்ரோபர்ட்.
இதுவரை அனுப்பியதுண்டா?
இல்லை.
ஏன்?
"யாரை அனுப்ப, என் பூனையையா?"
அதற்குக் கட்டம் இல்லை.
விட்டுவிட்டேன்.

ஹல் நகரத்துச் சாக்கடை எங்கள் பொறுப்பு.
ஓதம் ஏறினால் கடலைவிடத் தாழ்ந்துபோகிற ஊர்.
பம்ப் நிலையங்கள் முப்பத்தெட்டு,
ஒவ்வொன்றின் பெட்டிக்குள்ளும்
தொண்ணூறுகளில் யாரோ எழுதிவிட்டுப் போன நிரல்.
அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள்.
மூன்று மாத ஒப்பந்தம்,
இன்னொரு மூன்று மாதம்,
அப்படியே நாலு வருஷம்.
ப்ரோபர்ட் கன்ட்ரோல்ஸ் லிமிடெட்:
இயக்குநர் அவள், ஊழியர் அவள்,
ஆண்டுப் பொதுக்கூட்டம் சமையலறையில்.
தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறும்.

சட்டம் மாறிய ஏப்ரலில்
அதுவரை தான் யாரென்று அவளே சொல்லிக்கொண்டிருந்ததை
நாங்கள் சொல்ல வேண்டியதாயிற்று.
தப்பாகச் சொன்னால் வரி எங்கள் தலையில்.
உள்ளேயா, வெளியேயா?
அகமா, புறமா?
நடுவில் நிற்க ஒரு திணை
வரித்துறையிடம் இல்லை.

ஒவ்வொருவரையும் தனித்தனியே
தக்க கவனத்தோடு பார்க்க வேண்டும் என்பது விதி.
வியாழன் மதியம் மூன்றிலிருந்து நாலேகால் வரை
நாற்பத்தொரு பேரைப் பார்த்தேன்.
சட்டப் பிரிவு டெஸ்மண்ட்
பிஸ்கட்டைக் கடித்தபடி கதவோரம் நின்று சொன்னார்:
"சந்தேகமென்றால் உள்ளே போடு."
சந்தேகமில்லாத மனுஷர் யார்?
நாற்பத்தொரு பேரும் உள்ளே.

உள்ளே என்றால்
சம்பளக்காரியைப் போல வரி.
முதலாளி கட்டவேண்டிய காப்பீட்டுப் பங்கும்
சுற்றிவளைத்து அவள் நாள்கூலியிலிருந்தே.
எங்கள் விடுப்பு இல்லை, எங்கள் ஓய்வூதியம் இல்லை.
சம்பளச் சீட்டைத் தருவது ஒரு நடு நிறுவனம்,
அந்த மாதிரிக் கம்பெனிகளுக்கு இங்கே
குடை என்று பெயர்.
அதற்கும் வாரா வாரம் வாடகை பிடிப்பார்கள்.

நாலு பக்கத்தில் ஆட்சேபம் அனுப்பினாள்.
சொந்த மடிக்கணினி, சொந்தக் காப்பீடு,
தன் தவறால் சிக்கிய ஒரு வால்வை
ஞாயிற்றுக்கிழமை வந்து தன் செலவில் சரிசெய்த தேதி,
அன்றைய பார்க்கிங் ரசீது உட்பட.
நாற்பத்தைந்து நாளுக்குள் பதில் தரவேண்டும்.
நாற்பத்து நாலாம் நாள் தந்தேன்:
பரிசீலித்தோம். மாற்றமில்லை.

அவள் வெளியே இருந்த வருஷங்களில்
கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கூப்பிடவில்லை.
கூப்பிட்டால் ஊழியர் என்பதற்குச் சாட்சியாகிவிடுமாம்.
உள்ளே வந்த வருஷமும் கூப்பிடவில்லை.
ஊழியர் இல்லையே.

மார்ச்சில் மஞ்சள் அட்டையை மேசைமேல் வைத்தாள்
(எங்களுடையது நீலம்).
லிங்கன் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியாம்,
சின்னது என்பதால் இந்த விதி அங்கே எட்டாது.
அங்கே போய்
தான் யாரென்று தானே சொல்லிக்கொள்ளலாம்.
கோப்பையைக் கழுவி, துடைத்து, பையில் போட்டுக்கொண்டாள்.
நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்,
பார்க்கிங் பாஸையும் கொடுத்துவிடுங்கள் என்று முடிந்தது.

அக்டோபர். ஓதமும் மழையும் சேர்ந்த இரவு.
பதினேழாம் நிலையம் ஓடுகிறது, நிற்கிறது,
ஓடுகிறது, நிற்கிறது.
இரண்டரை மணிக்கு இரவுப்பணி டாரன் கேட்கிறான்:
"நெரிஸுக்குப் பதில் யார்?"
மூன்று ஏஜென்சிகளைக் கேட்டேன்.
ஓய்வுபெற்ற ஒருவரை எழுப்பித் திட்டு வாங்கினேன்.
ஒரு தெருவில் பதினோரு வீடுகளின் தரைவிரிப்பு
மெல்ல மிதக்கத் தொடங்கியிருந்தது.

கடைசியில் அவள் எண்ணையே அழுத்தினேன்.
மணி அடிக்கிறது, அடிக்கிறது.
பதில் இல்லை.

ஒன்பதாம் கேள்வி நினைவுக்கு வந்தது.
அன்று கண்ணை மூடிக்கொண்டு போட்ட டிக்
சரியாகத்தான் இருந்திருக்கிறது.
சட்டப்படி
அவள் எங்களவள்.