மூன்று நிமிடம்

சாஸ்கட்டூனில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
என் கோட்டின் ஜிப் பாதிவழியில் செத்துப்போக
அவருடைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வந்தேன்.
எலிகளின் அறையில் ஒரு மணி நேரம்
தண்ணீர் மாற்றினேன், மரத்தூள் மாற்றினேன்.

பிறகு ரத்தம்.
கூண்டைத் தொட்டதும் கடிகாரம் ஓடும்.
மூன்று நிமிடத்துக்குள் வால் நுனியில் ஒரு சொட்டு;
தாண்டிவிட்டால் அது எலியின் கணக்கல்ல,
நம் கையின் கணக்கு.
நான் ஒருநாளும் தாண்டியதில்லை.

சிறுநீரகத்தின் உச்சந்தலையில்
மிளகளவு ஒரு சுரப்பி.
கத்தத் தெரியாத பிராணிக்காக அதுதான் கத்துகிறது,
ரத்தத்துக்குள்.

வெள்ளிக்கிழமை முடிவுகள் வந்தன.
எண்கள் இரண்டு மடங்கு.
"என்ன மாற்றினாய்?" என்றாள் லோரெய்ன்.
தீவனமா, விளக்கா, குழாய்ச் சத்தமா?
ஸ்வெட்டர் கையை மூக்கருகே கொண்டுபோனேன்.
சவர லோஷன். சாத்திய கதவு.

குறிப்புப் பத்தியில் எழுதினேன்:
ஆணின் உடை. இருமுறை துவைத்தது.

பன்னிரண்டாம் எண் மட்டும் பழைய அளவிலேயே நின்றது.
"இதற்குப் பழகிவிட்டது போல," என்றாள்,
"பழக எத்தனை நாள் ஆகும்?"

ஒன்பது வருடம் என்று வாய்வரை வந்தது.
அடுத்த கூண்டைத் திறந்தேன்.
கடிகாரத்தைப் பார்த்தேன்.