நிகர எடை

பர்கூர்ச் சாலை எடைமேடையில் பகல்முறை எனக்கு.
கருங்கல் பாளத்தோடு லாரி ஏறி நிற்கும்.
சிவப்பு எண்கள் சற்றே தடுமாறி
நாற்பத்தோராயிரத்து அறுநூற்றிருபதில் அடங்கும்.
சீட்டைக் கிழித்துச் சன்னல் வழியே நீட்டுவேன்.
மொத்தம், காலி, நிகரம்:
எட்டு வருடமாய் என் நாளுக்கு மூன்று வரி.

அப்படிப்பட்டவள் கைக்குக்
கூரியரில் வந்தது இருநூறு விதை.
மூக்குப்பொடி டப்பா மூடியில் ஒட்டியிருக்குமே,
அவ்வளவுதான்.
கூழாங்கல் போலவே இருக்கும் செடியாம்.
எங்கோ ஒரு பாலையில் கல்லோடு கல்லாய்
ஆட்டுக்கும் மாட்டுக்கும் தெரியாமல் கிடக்குமாம்.
தும்மல் வந்தது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
அடுத்த அறைக்குப் போய்த் தும்மினேன்.

மண்ணுக்கு அலையவில்லை.
பாலிஷ் பட்டறைக்குப் பின்னால்
குவிந்து கிடக்கிறது கல் குருணை.
சலித்து, மாவுத்தூள் போகக் கழுவி
(விட்டால் சிமென்ட்டாய் இறுகும்)
ஒரு கை செம்மண் கலந்து
இட்லிக் குண்டானில் அவித்தேன்.
கல்லை வேகவைக்கிறாள் என்று
தெருவுக்கே சொன்னாள் மாடிவீட்டு பில்கிஸ்.
பட்டைத்தூள் கேட்டபோது மட்டும்
பிரியாணிக்கு என்று நினைத்துக் கொடுத்தாள்.

கார்த்திகை மழை ஓய்ந்த மறுநாள்
மடித்த எடைச்சீட்டின் பள்ளத்தில் விதையைக் கொட்டி
விரலால் தட்டினேன்.
விழுந்ததா என்றே தெரியவில்லை.
மேலே மண் போடக் கூடாது.
தட்டில் தண்ணீர் வைத்தேன், அடியிலிருந்து குடிக்கட்டும் என்று.
ஸ்வீட் கடை டப்பாவின் மூடியைச் சாத்தினேன்.

ஒன்பதாம் நாள்
மூடியின் வியர்வையைத் துடைத்துப் பார்த்தால்
குருணை நடுவே பச்சை.
குண்டூசித் தலையில் பாதி.
பல்குச்சியைத் தொடாமல் நகர்த்தி எண்ணினேன்:
நூற்று முப்பத்தேழு.
சீட்டின் பின்புறம் குறித்தேன், தேதி போட்டு.

மூடியை நான் திறந்தது தாமதம்.
அல்லது அவசரம். இன்னும் தெரியவில்லை.
ஒரு காலை, சிலந்தி நூலளவு வெள்ளைப் பஞ்சு.
மறுநாள் ஒரு மூலை முழுவதும்
கண்ணாடியாய்க் கரைந்து கிடந்தது.
பட்டைத்தூள் தூவினேன்.
ஊசியைக் காய்ச்சி மூடியில் நாலு துளை,
அடுத்த வாரம் பத்து,
அப்புறம் நாளுக்கு ஒரு விரற்கடை விலக்கி
காற்று என்றால் இதுதான் என்று பழக்கினேன்.
பங்குனியில் அறுபத்துநாலு.

சன்னல் விளிம்பில் டப்பாவைப் பார்த்த
லாரிக்காரர் திம்மராயன்,
"கல்லுக்கா மேடம் தண்ணி ஊத்துறீங்க?"
"ஊத்தாம இருக்கறதுதாண்ணே கஷ்டம்."
"எங்க குவாரி மேட்டுல
கள்ளிமுளையான் தானா முளைச்சுக் கிடக்கு,
புடுங்கி உப்பு தொட்டுத் தின்னுட்டுப் போவோம்.
அதுக்கு எவன் மூடி போட்டான்?"
பதில் இல்லை என்னிடம்.
சீட்டை நீட்டினேன்.

சித்திரையில் கை சும்மா இருக்காது.
வெயிலுக்குப் பச்சை வலை கட்டினேன்,
குவளையை எடுத்து எடுத்து வைத்தேன்.
உடம்பில் சுருக்கம் விழுந்து
செடியே கேட்டால்தான் நனைக்கணும்.
கேட்காதவற்றுக்கும் ஒருநாள் ஊற்றிவிட்டேன்,
பாவம் என்று.
அந்தப் பாவத்துக்கு முப்பது போயின.

ஐப்பசி.
இரண்டு லாரிக்கு நடுவே மேடை காலி.
டப்பாவை அதன் மத்தியில் வைத்துவிட்டு
ஓடிவந்து எண்களைப் பார்த்தேன்.
பூஜ்யம்.
இருபது கிலோவுக்குக் கீழே
இந்த எந்திரத்துக்கு உலகமே கிடையாது.
இருந்தாலும் சீட்டு அடித்தேன்.
மொத்தம் பூஜ்யம். காலி பூஜ்யம்.
நிகரத்தை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு எழுதினேன்:
இருபத்தொன்பது.
ஒன்றில் நடுவெடிப்பு விட்டிருக்கிறது,
பழைய தோலுக்குள் புது ஜோடி.

ஹாரன் அடிக்கிறார் திம்மராயன்.
முன் சக்கரம் மேடையின் விளிம்பில்.
செருப்பை விட்டுவிட்டு ஓடுகிறேன்,
நில்லுங்க, நில்லுங்க,
மேடையில லோடு இருக்கு.