அடிமனை

ஆணி அடிக்கக் கூடாது என்பது
முதல் நாளே சொன்ன நிபந்தனை.
பதினோரு வருஷமாய் எங்கள் காலண்டர்
ஜன்னல் கம்பியில்தான் தொங்குகிறது.
காற்று அடித்தால்
ஆறு மாதம் முன்னால் போய்த் திரும்பி வரும்.

கூறைநாட்டில் மாடி வீடு.
ஆறாயிரத்து ஐந்நூறு, கரண்ட் தனி.
கீழே மாணிக்கவாசகம்.
காலை ஐந்தரைக்கு நான் மிக்ஸி போட்டால் இருமுவார்.
அதில் எது சளி, எது புகார் என்று
எனக்குப் பிரிக்கத் தெரியும்.

அவரும் வீட்டுக்காரர்,
தாலி கட்டியவரும் வீட்டுக்காரர்.
என் வீட்டுக்காரருக்கு வீடில்லை என்று
சொல்லிப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும்.
ராஜரெத்தினத்துக்கு வராது.
கரண்ட் அட்டையின் பின்னால் பென்சிலால்
இதுவரை கொடுத்த வாடகையைக் கூட்டிக்கொண்டிருப்பார்.
ஏழு லட்சத்துக்கு எண்ணாயிரம் குறைவு.
"ஒரு செங்கல் நம்மது இல்ல பாரு."

பங்குனியில் தரகர் குஞ்சிதபாதம்
குத்தாலம் சாலையில் ஒரு நகரைக் காட்டினார்.
வெடித்த களிமண், கலர் கொடிகள், வெள்ளைக் கல்.
முப்பதடி ரோடு வரும் என்று
வரப்பின் மேல் நின்று சொன்னார்.
நான்தான் கார்த்திகையில் மறுபடி பார்க்கலாம் என்றேன்.
போனோம்.
மனை எண் நாற்பத்தேழில் கெண்டை துள்ளியது.
எல்லைக் கல்லில் ஒரு கொக்கு
கிரயம் முடித்துவிட்ட தோரணையில் நின்றது.

வங்கியில் குளிர், ஒரு குவளைத் தண்ணீர்,
மாதம் பதினாறாயிரத்துச் சொச்சம்.
இருபது வருஷம்.
முடியும்போது எனக்கு அறுபத்து மூன்று.
இவரும் ஒரு வீட்டுக்காரர்தான் என்று பட்டது,
இருமமாட்டார், அவ்வளவுதான்.

பிறகு பட்டமங்கலத் தெருவில் ஒரு பழைய வீடு.
விலை கேட்டு நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்.
நோயின் பெயரைச் சொல்வதுபோல்
குஞ்சிதபாதம் குரலைத் தாழ்த்தினார்:
"அடிமனை கோயிலுக்கு."
சுவர் உங்களுடையது, ஓடு உங்களுடையது,
கொல்லைத் தென்னை, அதன் மட்டை, எல்லாம்.
தரை மட்டும் சாமிக்கு.
"அப்ப வாங்கினாலும் வாடகையா?"
"சாமி காலி பண்ணச் சொல்லாது சார்.
ஆபீஸ் சொன்னாத்தான் உண்டு."

விசாரிக்க நான் மட்டும் போனேன்,
மருந்துக்கடைக்கு அரைநாள் லீவு போட்டு, மழையில்.
தேவஸ்தான அலுவலக வரிசையில்
எனக்கு இரண்டு ஆள் முன்னால் ஒரு பழக்கமான முதுகு.
மாணிக்கவாசகம்.
மஞ்சள் பையும் சொட்டும் குடையும்
கையில் மடித்து மடித்து நைந்த காகிதமும்.

கண்ணாடியை வைத்துவிட்டு வந்திருந்தார்.
என்னைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார்.
பிறகு நீட்டினார்.
நாங்கள் குடியிருக்கும் மனையின் சர்வே எண்.
மறுநிர்ணயம் செய்யப்பட்ட வாடகை, நிலுவை:
ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்து நாற்பது.
முப்பது நாளில் செலுத்தத் தவறினால்
தாங்கள் ஆக்கிரமிப்பாளராகக்
கருதப்படுவீர்கள்.

அந்த வார்த்தையில் என் குரல் இறங்கியது.
"என்னன்னு போட்டிருக்கு?"
"வாடகைதாரர்னு" என்றேன்.
"எங்கப்பா காலத்துல வருஷத்துக்குப் பன்னெண்டு ரூபா"
என்றவர் இருமினார்.
அது எந்த இருமல் என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் ஷேர் ஆட்டோவில் போனார்.
நான் பஸ்ஸில் போனேன்.
இறங்கியது ஒரே வாசலில்.

ராஜரெத்தினத்திடம் சொன்னேன்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
வெகுநேரம் தரையைப் பார்த்தார்.
மாடித் தரைக்கு அடியில் அவர் கூரை,
அதற்கும் அடியில் அவர் தரை,
அதற்கும் அடியில்.

ஒன்றாம் தேதி அவரே படியேறி வந்தார்.
வாடகை ஐந்நூறு கூட வேண்டும் என்றார்.
நாங்கள் பேரம் பேசவில்லை.
எண்ணி மடியில் வைத்துக்கொண்டு
ஜன்னலைப் பார்த்தார்.
காலண்டரில் ஆவணி ஓடிக்கொண்டிருந்தது,
வெளியே மார்கழி.

"ஒரு ஆணி அடிச்சுக்கலாமே" என்றார்.

வீடு முழுக்கத் தேடினோம்.
சுத்தியல் எங்களிடம் இல்லை.
பதினோரு வருஷத்தில்
வாங்கத் தோன்றியதே இல்லை.