முறை

சதுரம் என்றால் ஆண், வட்டம் என்றால் பெண்
என்றார் ரெஜினா மேடம்.
தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.
பென்சிலைக் கூராகச் சீவி வைத்திருந்தார்.

நான் பொதுப்பணித் துறையில் லஸ்கர்.
நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பு,
வெண்ணாறு வந்து மூன்றாகப் பிரியும் இடம்,
அங்கே ஷட்டர் ஏற்றி இறக்குகிறவன்.
வரைபடம் எனக்குப் புதிதல்ல.
இரட்டைக் கோடு என்றால் வாய்க்கால்:
இந்தக் கரை, அந்தக் கரை.

எனக்கும் தையல்நாயகிக்கும் நடுவில்
அவர் இரட்டைக் கோடு போட்டார்.
"சொந்தத்துக்குள் கட்டினால் இப்படித்தான் வரைவோம்."

தையல்நாயகி என் அக்கா மகள்.
பிறந்த அன்றே எனக்கென்று சொல்லிவிட்டார்கள்.
எனக்கு அப்போது ஒன்பது வயது,
பம்பரம் தொலைந்த துக்கத்தில் இருந்தேன்.

தர்ஷிகாவின் வட்டத்தை முழுக்கக் கறுப்பாக்கினார்.
ஆறு மணிக்கு மேல் அவள்
நிறுத்தி வைத்த பைக்கில் போய் மோதுவாள்.
கரண்ட் போனால் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்வாள்.
தட்டிலிருந்து விழுந்த இட்லியைத்
தரையில் தடவித் தேடியதைப் பார்த்து
"கவனம் எங்கடி?" என்று ஒருதரம் அடித்திருக்கிறேன்.
அதை மேடத்திடம் சொல்லவில்லை.
படத்தில் அதற்குக் குறி இல்லை.

என் சதுரம் பாதி கறுப்பு, தையலின் வட்டம் பாதி கறுப்பு.
பாதி திறந்த ஷட்டர் மாதிரி, என்றேன்.
அவர் சிரிக்கவில்லை, யோசித்தார்.
"உங்கள் இருவருக்கும் கண் நன்றாகத் தெரிகிறது.
ஒரு மரபணுப் பிரதியில் பிழை இருந்தால்
இன்னொரு பிரதி தாங்கிக்கொள்ளும்.
இவளுக்கு இரண்டிலுமே அதே பிழை."

இரண்டும் எங்கிருந்து?
பென்சில் மேலே போயிற்று.
என் அப்பாவோ அம்மாவோ, யாரென்று தெரியாது,
ஒருவரிடமிருந்து இறங்கி
எனக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று.
அக்காவிடமிருந்து தையலுக்கு.
பிறகு இரண்டும் என் வீட்டில்.

கோரையாறும் பாமணியாறும் என் கண்ணெதிரே பிரிகின்றன.
பிரிந்த தண்ணீர் ஒரே வயலில் மறுபடி சந்திக்குமா
என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

தையலுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.
முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்:
"நாலுல ஒண்ணுன்னு சொன்னீங்களே.
அந்த ஒண்ணு வந்துடுச்சு. இனிமே மூணும் நல்லதுதானே?"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.
முறைப்பாசனம் அப்படித்தான்:
ஆறு நாள் இவனுக்கு, அடுத்த ஆறு நாள் அவனுக்கு.
வாங்கியவன் காத்திருப்பான், வாங்காதவனுக்கு வரும்.
பதிவேடு இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது,
தகராறு என்றால் தாசில்தார் இருக்கிறார்.

"இதுல முறை கிடையாதும்மா," என்றார் மேடம்.
"ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல்லேருந்து நாலுல ஒண்ணு."

பஸ்ஸில் அம்மாப்பேட்டை தாண்டும்வரை யாரும் பேசவில்லை.
பிறகு தையல் சொன்னாள்:
"முறை முறைன்னுதானே கட்டிவச்சாங்க."

ஆவணியில் கல்யாணம், பத்திரிகை அடித்தாயிற்று.
தையலின் தம்பி குணாளன், சிங்கப்பூரில் வெல்டர்.
பெண் என் அண்ணன் மகள் இலக்கியா.
அக்காவிடம் போய்ச் சோதனை என்ற சொல்லை எடுத்தேன்.
"குறை உங்க பக்கமா, எங்க பக்கமா?" என்றாள்.
கூடப் பிறந்தவளுக்கு இதை
எந்தப் பென்சிலால் வரைந்து காட்டுவது?

கல்லணை திறந்த மூன்றாம் நாள் இரவு
முதல் தண்ணீர் வந்தது,
நுரையும் சருகும் பிளாஸ்டிக் பாட்டிலுமாக.
பல்சக்கரத்துக்கு கிரீஸ் தடவிக் கைப்பிடியைச் சுற்றினேன்.
பதிவேட்டில் எழுதினேன்: மணி மூன்று இருபது.
ஓர் ஆலஞ்சருகு மூன்றில் எதில் போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
டார்ச் வெளிச்சத்தைத் தாண்டிப் போய்விட்டது.

சிங்கப்பூரில் ஆறு ஆகப்போகிறது.
வேலைக்குப் போகும் லாரிக்காக நின்றுகொண்டிருப்பான்.
இரண்டாவது மணியில் எடுத்தான்.
"மாமா, தண்ணி வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. இப்பதான் கோரையாத்துல விட்டேன்.
குணா, லாரி வர இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"