கடிபட்டவை, பாதி விலை

டுவேன் ப்ருகெட் கடையின் தூண்டில் சுவருக்கு முன்
இது எனக்கு மூன்றாம் சாயங்காலம்.
அக்டோபர் கடைசி. விஸ்கான்சினின் வடகோடி.
ஏரி உறைய மூன்று வாரம் இருக்கிறது,
மிஞ்சிப்போனால் நான்கு.

இறாலைப் போட்டுச் சுறாவைப் பிடிப்பது சுலபம்.
மஸ்கிக்கு அந்த இறாலே
முழங்கை நீளம் இருக்க வேண்டும்,
கால் கிலோ கனக்க வேண்டும்.
நாள் முழுக்க வீசினால், ராத்திரி தோள்பட்டை
பெயர் சொல்லித் திட்டும்.

கறுப்பு உடம்பு, ஆரஞ்சு வால்:
கலங்கிய தண்ணீருக்கு என்கிறார் டுவேன்.
வெள்ளி மினுக்கு தூவியது,
சிஸ்கோக் கூட்டம் திரியும் ஆழத்துக்கு.
இளஞ்சிவப்பில் ஒன்று தொங்கியது.
இது எதற்கு என்றேன்.
"வாங்குகிறவருக்கு" என்றார்.

நான் நிறம் பார்ப்பதில்லை, அழுத்திப் பார்ப்பேன்.
பன்னிரண்டு வருடமாக
ஊரார் ஈறுகளை அழுத்திப் பார்த்துத்தான்
எனக்குச் சம்பளம்.
கெட்டியாக இருந்தால் குச்சி மாதிரி வரும்.
ரொம்ப மெத்தென்றால் ஒரே கடியில்
வால் ஏரிக்கு, கொக்கி எனக்கு.
வாலின் அடி மெலிந்திருக்க வேண்டும்.
இழுக்கும்போது எல்லாம்தான் நீந்தும்.
இழுப்பை நிறுத்திய பிறகும்
தானாக ஒரு தடவை துடிக்கிறதா,
அதுதான் கேள்வி.

விலைச் சீட்டைத் திருப்பினேன்.
முப்பத்திரண்டு டாலர்.
பல்லுக்கு ஒரு டாலர் என்று கணக்குப் போட்டு
மாட்டிய இடத்திலேயே மாட்டினேன்.

கல்லாவுக்குக் கீழே ஒரு பெயின்ட் வாளி.
அட்டையில் கோணல் எழுத்து:
கடிபட்டவை, பாதி விலை.
மேலாக இரண்டு,
யாருடைய டிரக்கிலோ கோடை வெயிலில் உருகி ஒட்டி,
எந்த வால் எதனுடையது என்று
பிரிக்க முடியாத சம்பந்தம்.
அடியில் சேற்று நிறத்தில் ஒன்று.
எடுத்ததும் தெரிந்தது,
மேல் தாடை, கீழ்த் தாடை,
என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வளைவு.
யாரோ சூட்டுக்கோலால் தழும்பை அடைத்திருந்தார்கள்.
மோசமான வேலை.

வயிற்றுப் பக்கம் அழுத்தினேன். குத்தியது.
நகத்தால் கெல்லி எடுத்தேன்:
ஒரு பல்.
ஊசி நுனி, பால் வெள்ளை.
சொத்தை இல்லை.

"யார் கொண்டுவந்து போட்டது?"
"மார்ஜ் ஸ்க்ரிப்னர்."
"மீன் கிடைத்ததா அவளுக்கு?"
"கிடைத்திருந்தால் விற்பாளா?"

ஞாயிற்றுக்கிழமை.
காற்று வடமேற்கு. விரல்கள் விரல்களாக இல்லை.
மோட்டார் பக்கத்தில் என் நாத்தனார் பெட்டினா,
தெர்மாஸைக் குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு,
வீச்சுகளை எண்ணுவதை
இருநூற்றுப் பத்தில் நிறுத்திவிட்டாள்.

படகோரம் வந்ததும் தூண்டிலை எடுக்கக் கூடாது.
கழியின் நுனியைத் தண்ணீரில் முக்கி
எட்டுப் போட வேண்டும், பெரிய எட்டு.
நூறு எட்டு போட்டிருப்பேன் அன்றைக்கு,
வெறும் தண்ணீருக்கு.
அடுத்ததின் இரண்டாம் வளைவில்
அடியில் கிடந்த மரக்கட்டை திரும்பியது.
கட்டைக்குக் கண் இருந்தது.

என் இரைக்கும் அதன் மூக்குக்கும் ஒரு சாண்.
கையை நிறுத்தினேன்.
வால், யாரும் சொல்லாமல்,
ஒரு தடவை துடித்தது.

வாய் திறந்தது.

திங்கள் முதல் வெள்ளி வரை
எது திறந்தாலும் நான் செய்வதையே செய்தேன்:
உள்ளே பார்த்தேன்.
கீழ் வரிசை, இடப்பக்கம்,
முன்னாலிருந்து மூன்றாவதா, நான்காவதா,
அங்கே ஓர் இடைவெளி
இருந்ததா?
கொக்கியைச் சுண்டி இழுத்திருக்க வேண்டிய அரை வினாடியில்
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கழி வளைந்தது, நிமிர்ந்தது.
படகு நனைந்தது, பெட்டினா நனைந்தாள்.
"ஏன் இழுக்கல?" என்று கத்தினாள்.
இதை எந்த வார்த்தையில் அவளுக்குச் சொல்வது?

இரை மட்டும் மேலே வந்தது.
பழைய தழும்பின் குறுக்கே
புதிதாகப் பதினோரு பள்ளம்.
சூட்டுக்கோல் எங்கள் கராஜில் இருக்கிறது.
இன்று ராத்திரி உட்கார்ந்து அடைக்க வேண்டும்,
மார்ஜை விடச் சுத்தமாக.

ஒரு பள்ளத்தை மட்டும் அப்படியே விடலாமென்று நினைக்கிறேன்.
அடையாளத்துக்கு.