பொருள் எண் 43

கானாடுகாத்தான் காட்சிக்கூடத்தில்
இந்தப் படத்துக்கு நாற்பது சொல்லில்
குறிப்பெழுதச் சொன்னார்கள்.

ஐந்து பேர். ராஜா, ராணி,
தொப்பி வைத்த துரை, கட்டியக்காரன்,
தன் வாலைத் தானே சுருட்டிக் கையில் பிடித்த புலி.

கல்யாண ஊர்வலம் என்கிறார் அலுவலகத்து அடைக்கம்மை.
நாடகம் என்கிறேன் நான்.
ராஜாவின் வாள் ஏன் இடக்கையில் என்று
இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

டியூப்லைட் மாட்ட வந்த சேவுகப்பெருமாள்
ஏணியில் நின்றபடியே சொன்னார்:
"எல்லாரும் ஒரே பக்கம் பாக்குறாங்க.
இலை போட்டுட்டாங்க போல."

வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்தேன்.
கண்ணாடியில் பின்புறமிருந்து தீட்டுவார்களாம்.
வலது இடதாகும். அது போகட்டும்,
முன்னால் தெரிய வேண்டியதை முதலில் தீட்ட வேண்டும்.
மூக்குத்தி, பிறகு மூக்கு.
சரிகை, பிறகு தோள்.
ஆக, வேடங்கள்தாம் முதலில் வந்து
ஆட்களுக்காகக் காத்து நின்றிருக்கின்றன.

ராணிக்கு ஆள் சரியாக ஒட்டவில்லை.
கன்னத்துச் சாயம் உதிர்ந்த இடத்தில்
பின்னால் அண்டக் கொடுத்த ரங்கூன் பத்திரிகை:
அரிசி விலை, கப்பல் புறப்படும் நாள்.
அதன்மேல், எதையும் குத்தாமல்,
எட்டுக்கல் மூக்குத்தி.

மறுநாள் எழுதினேன்:
'வேடமிட்ட ஐவர். கண்ணாடி ஓவியம்.
வரைந்தவர் தெரியவில்லை.'
இன்னும் முப்பத்து நான்கு சொல் மிச்சம்.

புது விளக்கைப் போட்டேன்.
புலியின் கழுத்தில், வரிகளுக்கு நடுவே,
ஒரு சட்டைப் பொத்தான்.

கைதவறி விழுந்ததாக இருக்க முடியாது.
புலிக்கு முன்பே
அதை வைத்துவிட்டுத்தான்
புலியைத் தொட்டிருக்கிறார்.