காது மிஷின் கட்டை

கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம் சின்னது.
வாரத்துக்கு ஒன்று தீரும்.
சண்டை வந்தால் பத்து நாள் ஓடும்:
நான் ஆரம்பித்ததும் கழற்றி வைத்துவிடுவார்,
கட்டை மிச்சமாம்.

தண்டையார்பேட்டை பாய்லர் பட்டறையில்
முப்பத்தொரு வருஷம்
சுத்தியலுக்குக் காதைக் கொடுத்தவர் டில்லிபாபு.
மிச்சத்துக்கு நான்.

தீர்ந்ததை எங்கே போடுவேன்?
மீன் செதில், முருங்கைச் சக்கை, காலண்டர் தாள்
எல்லாவற்றோடும் ஒரே பையில்.
யார் எண்ணினார்கள்?

சித்திரையில் ஒரு நாள்
கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தது.
டேங்கர் ரயில், முடிகிற மாதிரி இல்லை.
எனக்கு முன்னால் குப்பை லாரி,
அதன் வயிற்றிலிருந்து புகை.
பின்னால் போகவும் வழியில்லை.
ஷேர் ஆட்டோக்காரர்கள் இறங்கி ஓட
நடுரோட்டிலேயே கவிழ்த்தார்கள் அத்தனையையும்.

அப்பளமாய் உப்பிய போன் பேட்டரி ஒன்று
சீறிக்கொண்டிருந்தது.
அது என்னுடையது இல்லை.
உடனே சொல்லிக்கொண்டேன்.

ரெண்டு முழம் தள்ளி
நாத்தனார் மகள் கல்யாணத்துத் தாம்பூலப் பை,
மணமக்கள் பெயரோடு, வாய் பிளந்து.
முருங்கைச் சக்கை நடுவே
மூன்றோ நாலோ, வெள்ளி வெள்ளியாய்.
எங்கள் தெருவுக்கு வரும் ஏகவல்லி
வெறுங்கையால் ஒன்றை எடுத்து
"இன்னாக்கா இது, மாத்திரையா?" என்றாள்.
நான் வாய் திறக்கவில்லை.
ரயில் போய்க்கொண்டே இருந்தது.

இப்போது ஓர் ஊறுகாய் பாட்டில்,
கழுவிக் காயவைத்தது,
பக்கத்து வீட்டுப் பொடிசுகளுக்கு எட்டாத உயரத்தில்.
கடிகாரக் கட்டை, ரிமோட் கட்டை, இவர் காதுக் கட்டை.
ஒவ்வொன்றுக்கும் முகத்திலும் முதுகிலும்
இவருடைய நீல வயர் டேப்.
"செத்ததுக்கு எதுக்குடி வாய்க்கட்டு?"
"செத்தாலும் கடிக்கும்."
கேட்டிருக்காது. மிஷின் மேஜைமேல் இருந்தது.

பாட்டில் நிறைந்த சனிக்கிழமை
ஏகவல்லி வாங்கிக் காதோரம் குலுக்கிப் பார்க்கிறாள்.
"இவ்ளோ பேசுனியாக்கா?"
சிரித்துக்கொண்டே தனிப் பையில் கொட்டுகிறாள்.
கையில் இப்போது உறை இருக்கிறது.
அந்தப் பை யாருடையது என்று
அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

புதுக் கட்டையின் முதுகில் ஒரு ஸ்டிக்கர்.
பிய்த்த உடனே மாட்டக் கூடாது,
ஒரு நிமிஷம் காற்று குடிக்க விடணும்.
காதைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.
உள்ளங்கையில் அதை வைத்துக்கொண்டு
ஜன்னல் பக்கம் திரும்பி
கேட்டண்டை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்,
வாராவாரம்.